வரப்பு நடந்த கதை

கார் நடவுக்கு வயல் தயாராகிட்டு இருக்கு. நேத்து சாயங்காலம் வரப்பு வேலையை முடிச்சு வாய்க்கால்ல மண்வெட்டியைக் கழுவிட்டு நின்னேன். மடையைப் பாக்க வந்த பக்கத்து வயல் மதினி, கரையில நின்னு ஒரு கண்ணைச் சுருக்கிக்கிட்டு வரப்பை ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் பாத்தாங்க. பாத்துட்டு, "நேரா இருக்கு தம்பி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

மூணே வார்த்தைதான். அதைக் கேட்டுட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இதை எழுதணும்னு ஒரு வருஷமா நினைச்சு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். இன்னைக்குக் காலையில மதினிகிட்ட கேட்டேன். "எழுதுங்க, எம் பேரு மட்டும் வேண்டாம்"னாங்க. அதனால இதுல யார் பேரும் இருக்காது. என் தப்பு மட்டும் இருக்கும்.

எப்பவும் வாழையைப் பத்தியும் வாய்க்காலைப் பத்தியும் எழுதுறவன் இன்னைக்குக் கோயில் விஷயம் பேசுறானேன்னு நினைக்காதீங்க. இதுவும் வயல் விஷயம்தான்.

விவசாயம் தெரியாதவங்களுக்காக முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். வரப்பு நடக்கும். நெசமாத்தான். எங்க தாமிரபரணிப் பாசனத்துல கார், பிசானம்னு ரெண்டு பூ. ஒவ்வொரு நடவுக்கு முன்னாலயும் வரப்போட பக்கவாட்டைச் செதுக்கிப் புல்லையும் எலி வங்கையும் எடுத்துட்டு, சேத்தை அள்ளி அண்டை வைப்போம். தண்ணி கசியாம இருக்க அதுதான் வழி. அவங்கவங்க பக்கத்தை அவங்கவங்க செதுக்கணும். செதுக்குறப்போ மண்வெட்டியைக் கொஞ்சம் உள்ள சாய்ச்சுப் போட்டா, ரெண்டு விரல் அகலம் கூடுதலா வந்துரும். வரப்பு மெலிஞ்சிரும். மெலிஞ்ச வரப்பு தண்ணியைத் தாங்காதுன்னு அந்தப் பக்கத்துக்காரரே அவர் வயல் சேத்தை அள்ளிக் கனமா அண்டை வைப்பாரு. அடுத்த பூவுக்கு மறுபடியும் ரெண்டு விரல். வரப்போட அகலம் மாறாது, உசரம் மாறாது. ஆனா அது இடம் மாறிக்கிட்டே இருக்கும். ஒரு வருஷத்துல கண்ணுக்குத் தெரியாது. பத்து வருஷத்துல ஒரு முழம் நடந்திருக்கும்.

எங்க ரெண்டு வயலுக்கும் நடுவுல வரப்பு மேல ஒரு பனை நின்னுச்சு. எங்க அப்பா இருந்த வரைக்கும் அந்தப் பனைதான் எல்லை. அப்பா 2003ல இறந்தாங்க. 2005ல அந்தப் பனையை வெட்டினோம். பக்கத்து வயல் அண்ணாச்சியும் நானும் சேந்துதான் வித்தோம், காசை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டோம். அதுல எந்தத் தப்பும் இல்ல. தப்பு அதுக்கு அடுத்த பூவுல ஆரம்பிச்சுது. அடையாளம் இல்லாத வரப்பைப் பாத்ததும் என் மண்வெட்டி தானா உள்ள சாஞ்சுது. தானான்னு சொல்றேன் பாத்தீங்களா? இன்னைக்கும் வாயில அப்படித்தான் வருது. நான்தான் சாய்ச்சேன்.

பனையோட அடிக்கட்டை மண்ணுக்குள்ளேயே கிடந்துச்சு. நாலஞ்சு வருஷத்துல வரப்பு அதைத் தாண்டிப் போயிருச்சு. அதாவது எல்லையில நின்ன பனையோட வேரு என் வயலுக்குள்ள வந்துருச்சு. ஒவ்வொரு உழவுக்கும் டிராக்டர் கலப்பை அதுல போய்த் தட்டும். டிரைவர் தம்பி, "என்னண்ணே, வயலுக்குள்ள போயி பனையை வச்சிருக்கிய"ன்னு சலிச்சுக்குவான். நான் சிரிச்சு மழுப்புவேன். ஒவ்வொரு தடவை தட்டும்போதும் எனக்கு வயித்துக்குள்ள ஒண்ணு தட்டும். பத்து வருஷம் போல ஆனதும் கட்டை மக்கிப் போச்சு. அதுக்கப்புறம் கலப்பையும் தட்டல, வயித்துக்குள்ளயும் தட்டல.

இடையில 2012ல ஒரு நாள் காலையில டீக்கடையில வச்சு அண்ணாச்சி கேட்டாங்க. அவங்க சத்தம் போட்டுப் பேசுற ஆளே இல்ல. "தம்பி, வரப்பு நம்ம பக்கம் ரொம்ப வந்த மாதிரி தெரியுது. ஒரு நாள் கயிறு பிடிச்சுப் பாத்துருவமா?"ன்னு தன்மையாத்தான் கேட்டாங்க. கடையில பத்துப் பன்னிரண்டு பேரு இருந்தாங்க. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. மாட்டிக்கிட்டவனுக்குத்தான கோவம் அதிகமா வரும்? "என்ன அண்ணாச்சி, நான் களவாணிப் பயலா? பொய் சொல்லுததுக்கும் ஒரு அளவு வேண்டாமா? எங்க அப்பா காலத்துல இருந்து வரப்பு அதே இடத்துலதான் கிடக்கு"ன்னு கத்தினேன். நான் சபைக் கமிட்டியில இருக்கிறவன். கோயில்ல வேத பாடம் வாசிக்கிறவன். கடையில எல்லாரும் என் பக்கம்தான் பேசினாங்க. அண்ணாச்சி டீயைப் பாதியில வச்சுட்டு எழுந்திரிச்சுப் போனாங்க. 2017ல காலமாயிட்டாங்க. கடைசி வரைக்கும் வரப்பைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கோயில் பக்கம் பாத்தா தலையசைப்பாங்க, அவ்வளவுதான்.

நான் கல்நெஞ்சுக்காரன்னு நினைச்சுராதீங்க. இந்த 19 வருஷத்துல நான் அழுத அழுகைக்குக் கணக்கே கிடையாது. கன்வென்ஷன் கூட்டத்துல பிரசங்கியார் கூப்பிட்டப்போ முன்னால போய் முழங்கால் போட்டு அழுதிருக்கேன். பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில அழுதிருக்கேன். திருவிருந்துக்கு முன்னால சபையாரோட சேந்து பாவ அறிக்கை சொல்லும்போது புத்தகத்தைப் பாக்காம மனப்பாடமா, தொண்டை கம்மச் சொல்லுவேன். அழுது முடிச்சா மனசு லேசாயிரும். வெளிய வந்து அசனச் சாப்பாடு சாப்பிட்டா தூக்கம் வரும். மறுவாரம் வரப்பு வெட்டுவேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு முடிச்சு இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல. பாவம்னா சாராயம், சினிமா, கெட்ட யோசனை. வரப்புங்கிறது விவசாயம். அப்படித்தான் என் மனசு பிரிச்சு வச்சிருந்துச்சு.

அப்புறம் வெள்ளம் வந்துச்சு.

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் அந்தத் தேதியை மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயில் நின்னு, அத்தனை சனமும் தண்ணிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட செய்தியை நீங்களும் பாத்திருப்பீங்க. ஆறும் குளமும் ஒண்ணாச் சேந்து வயக்காட்டு மேல ஓடுச்சு. தண்ணி வடிஞ்சு நாலு நாள் கழிச்சுப் போய்ப் பாத்தா, பிசான நாத்து கிடையாது, வாழை கிடையாது, வாய்க்கால் கிடையாது. முழங்கால் உசரத்துக்கு மணல். வரப்புன்னு ஒண்ணு இருந்த சுவடே இல்ல. என் வயல் எது, அண்ணாச்சி வயல் எதுன்னு சொல்ல முடியாம ஒரே வெள்ளை மணல் பரப்பா கிடந்துச்சு.

ஜனவரி கடைசியில ஜேசிபி பிடிச்சு மணலை ஒதுக்கினோம். மறுபடியும் வரப்புப் போடணும். மதினிக்கு மகன் வெளியூர்ல வேலை. அவங்க வந்து மணல்ல நின்னு பாத்துட்டு, "எனக்கு இதுல ஒண்ணும் பிடிபடல தம்பி. நீங்களே பாத்து வரப்பைப் போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

நண்பர்களே, இதை நல்லா கவனிங்க. 19 வருஷத்துத் தப்பை யாருக்கும் தெரியாம, ஒரு பைசா செலவில்லாம, ஒரு வார்த்தை பேசாம சரி பண்ணிக்கிற வாய்ப்பு கைக்கு வந்துச்சு. பழைய பனை நின்ன இடம் எனக்குத் தெரியும். வாய்க்கால் மதகுல இருந்து எத்தனை எட்டுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அங்க கயித்தைக் கட்டிருந்தா கதை முடிஞ்சிருக்கும். நான் கயித்தை எங்க கட்டினேன்னா, வெள்ளத்துக்கு முந்தின நாள் வரப்பு கிடந்த இடத்துல. உள்ளதைச் சொல்லணும்னா, அதுக்கும் ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளி.

முன்னால நான் திருடினது ரெண்டு விரல் ரெண்டு விரலாத்தான். இது ஒரே நாள்ல, பட்டப்பகல்ல, என்னை நம்பிக் கொடுத்த கயித்தை வச்சுத் திருடினது.

2024 பிப்ரவரி 14 சாம்பல் புதன். சாயங்கால ஆராதனைக்குப் போனோம். எங்க ஐயர் அன்னைக்கு உபாகமம் 27ஆம் அதிகாரத்தை வாசிச்சாங்க. லேவியர் சாபங்களை ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல, ஜனங்கள் எல்லாரும் ஆமென் சொல்ற இடம். 1662ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்துல லெந்து முதல் நாளுக்குன்னே இதை ஒரு ஆராதனை முறையா வச்சிருந்தாங்க, இப்ப வழக்கத்துல இல்ல, இன்னைக்கு ஒரு தடவை நாமளும் சொல்லிப் பாப்போம்னு ஐயர் சொன்னாங்க. முதல் சாபம் விக்கிரகம் செய்யிறவனுக்கு. ஆமென்னு சொன்னோம். ரெண்டாவது, தகப்பனையும் தாயையும் அவமதிக்கிறவனுக்கு. ஆமென். மூணாவது, அயலானோட எல்லைக்குறியை நகத்துறவனுக்கு.

பழக்க தோஷத்துல நான் ஆமென்னு சத்தமாச் சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் காதுல விழுந்துச்சு. அதுக்கு அப்புறம் ஐயர் வாசிச்சது எதுவும் எனக்குக் கேக்கல. அன்னைக்கு எனக்கு அழுகை வரல. வாய் உலந்து போச்சு. பத்து நாளைக்கு முன்னால நான் கட்டின கயிறுதான் கண்ணு முன்னால தெரிஞ்சுது.

ஆராதனை முடிஞ்சு எல்லாரும் போன பிறகு ஐயரைப் பாத்து விஷயத்தைச் சொன்னேன். கமிட்டியில இருந்து விலகிக்கிறேன்னும் சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "என்கிட்ட சொல்றது லேசு. விலகுறதும் லேசுதான். அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"ன்னு கேட்டாங்க. பலிபீடத்துக்கிட்ட வந்தவனுக்குத் தன் மேல ஒருத்தருக்குக் குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கேயே வச்சுட்டு முதல்ல போய் ஒப்புரவாகணும்னு மத்தேயு அஞ்சாம் அதிகாரத்துல இயேசு சொன்னதை ஞாபகப்படுத்தினாங்க. "முதல்லங்கிற வார்த்தையைப் பாருங்க"ன்னாங்க. ஜெபம் பண்ணி அனுப்புவாங்கன்னு நினைச்சேன். பண்ணல. "போயிட்டு வாங்க, அப்புறம் ஜெபம் பண்ணுவோம்"னுட்டாங்க.

வீட்டுல சொன்னேன். வீட்டுக்காரிக்குக் கோவம் வந்துச்சு. வரப்பை வெட்டினதுக்கு இல்ல, வெளிய சொல்லப் போறேன்னதுக்கு. "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குத நேரம். இப்பப் போய் களவாணின்னு பேரு வாங்கணுமா? சத்தமில்லாம வரப்பைத் தள்ளிப் போட்டுட்டு வாங்க"ன்னா. அவ சொன்னதுல நியாயம் இருக்குற மாதிரியே எனக்கும் பட்டுச்சு. ரெண்டு நாள் அதையே யோசிச்சேன். நிலத்தைக் கொடுத்துரலாம், வாயைத் திறக்க வேண்டாம். ஆனா வரப்பை மட்டும் நகத்தினா, டீக்கடையில சொன்ன பொய் அங்கேயே நிக்குமே. மூணாவது நாள் அவளே, "வாங்க, நானும் வாரேன். உங்களைத் தனியா விட்டா பாதியைச் சொல்லிட்டு வந்துருவிய"ன்னா. 25 வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா நம்ம லட்சணம்?

மதினி திண்ணையில உக்காந்து உளுந்து புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் சொல்லச் சொல்ல அவங்க சொளகை நிறுத்தல. சொல்லி முடிச்சேன். பனை, வரப்பு, டீக்கடை, வெள்ளத்துக்குப் பிறகு கட்டின கயிறு, எல்லாம்.

"தெரியும்"னாங்க.

எனக்கு ஒண்ணும் ஓடல.

"அவுக ராத்திரி டார்ச் லைட்டை எடுத்துட்டுப் போயி கயிறு பிடிச்சு அளந்து பாத்துட்டு வருவாக. ரெண்டு மூணு வருசம் பாத்தாக. பொறவு விட்டுட்டாக. ஒண்ணரை சென்ட் போனா போவுது, பக்கத்து வயக்காரன் பகை வேண்டாம்னாக. வயலு போனதுக்கு அவுக வருத்தப்படல தம்பி. அத்தன பேரு முன்னால பொய்யிங்கிற மாதிரி சொன்னிய பாருங்க, அதுக்குப் பொறவு அவுக அந்த டீக்கடைக்குப் போகவே இல்ல. அஞ்சு வருசம். சாகுத வரைக்கும் வீட்டுலதான் டீ குடிச்சாக."

சொளகுல உளுந்து ஒரு பக்கம், கல்லு ஒரு பக்கமா ஒதுங்கிக்கிட்டு இருந்துச்சு. என் வீட்டுக்காரி அழுதா. நான் கேக்கக் கூடாததை ஒண்ணு கேட்டேன். "தெரிஞ்சுமா மதினி, வெள்ளத்துக்குப் பொறவு என்னையவே வரப்புப் போடச் சொன்னிய?"

"இப்பமாவது போடுவியளான்னு பாத்தேன்"னாங்க.

மன்னிச்சேன்னு அவங்க சொல்லல. நானும் கேக்கல. டீ போட்டுக் கொடுத்தாங்க. அந்த வீட்டு டீயை என்னால குடிக்கவும் முடியல, வைக்கவும் முடியல.

அளக்குறதை நான் செய்யக் கூடாதுன்னு தோணுச்சு. திருடினவன் கையில கயிறு இருக்கக் கூடாது. இ-சேவை மையத்துல பணம் கட்டி, சர்வேயருக்கு மனு போட்டேன். மே மாசம் அவர் புலப்படத்தோட வந்தார். அக்கம்பக்கத்து வயல்காரங்களும் வந்து நின்னாங்க. அளந்து பாத்தா, கிழக்கு முனையில நாலடி, மேற்கு முனையில ரெண்டடி என் பக்கம் வந்திருக்கு. சராசரி மூணடி. வரப்போட நீளம் 218 அடி. 654 சதுரடி. அதாவது ஒண்ணரை சென்ட். ரெண்டு முனையிலயும் கல் நட்டோம்.

அன்னைக்கு ராத்திரி நோட்டை எடுத்து உக்காந்தேன். சகேயு கதையில ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? இயேசு அவன் வீட்டுக்குள்ள வந்ததும் அவன் பாட்டுப் பாடல, அழுததாகவும் எழுதியிருக்கல. கணக்குச் சொல்றான். சொத்துல பாதி ஏழைகளுக்கு, ஏமாத்தினது நாலு மடங்கு. அதுக்கு அப்புறம்தான் இந்த வீட்டுக்கு ரட்சிப்பு வந்துச்சுன்னு இயேசு சொல்றார். மோசேயோட சட்டத்துலயும் இதுக்குக் கணக்கு இருக்கு. அடுத்தவன் வயல்ல மாட்டை மேய விட்டவன், தன் வயலோட நல்ல விளைச்சல்ல இருந்து ஈடு கட்டணும். தப்பை ஒத்துக்கிட்டவன் முதலோட அஞ்சுல ஒரு பங்கு சேத்துக் கொடுக்கணும்னு எண்ணாகமத்துல இருக்கு.

என் கணக்கு இது. எங்க பக்கம் ஏக்கருக்கு 28 மூட்டைன்னு வச்சா, 75 கிலோ மூட்டைக்கு 2100 கிலோ. சென்ட்டுக்கு 21. ஒண்ணரை சென்ட்டுக்கு 31.5 கிலோ. தண்ணி இல்லாத கார்களைக் கழிச்சா 19 வருஷத்துல 30 பூ. 945 கிலோ. கிலோ 24 ரூபாய்னு போட்டா 22,680. அஞ்சுல ஒரு பங்கு 4,536. ஆக மொத்தம் 27,216 ரூபாய். ஆரம்ப வருஷங்கள்ல ரெண்டு விரல்தான வெட்டினோம், அதைக் கழிக்கலாமேன்னு மனசு பேரம் பேசுச்சு. உழவுக் கூலி, உரச் செலவைக் கழிக்கலாமேன்னும் பேசுச்சு. நோட்டை மூடி வச்சுட்டேன். வெள்ளத்துக்குப் பிறகு கையில காசு இல்ல. பாதியை அப்ப கொடுத்தேன். மீதியை இந்த மார்ச்சுல பிசான நெல்லு வித்துக் கொடுத்தேன். மதினி எண்ணிப் பாத்துத்தான் வாங்கினாங்க. எண்ணாம வாங்கிருந்தா எனக்குக் கொஞ்சம் பெருமையா இருந்திருக்கும். அந்தப் பெருமையை அவங்க எனக்குக் கொடுக்கல. நல்லது.

நிலமும் பணமும் லேசுன்னு டீக்கடைக்குப் போன அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கல் நட்ட மறுவாரம், காலையில ஆறரை மணி. 2012ல இருந்தவங்கள்ல நாலஞ்சு பேரு இருந்தாங்க. மூணு நாள் அந்தக் கடை வரைக்கும் போய் டீயைக் குடிச்சுட்டுச் சும்மா வந்தேன். நாலாவது நாள் கிளாஸைக் கீழ வச்சுட்டுச் சொன்னேன். "இதே இடத்துல வச்சு அண்ணாச்சி பொய் சொல்லுதாகன்னு கத்தினேன். பொய் சொன்னது நான்தான். வரப்பை வெட்டினதும் நான்தான்." அதுக்கு மேல பேச்சு வரல.

கொஞ்ச நேரம் யாரும் பேசல. பிறகு ஒரு பெரியவர், "செத்தவன் வந்து கேக்கவா போறான் வே?"ன்னார். இன்னொருத்தர், "எல்லாரும் இப்படிச் சொல்ல ஆரம்பிச்சா, நம்ம ஊர்ல எந்த வரப்புதான் இருந்த இடத்துல இருக்கும்?"னு சிரிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா அதுல ரெண்டு பேரு சிரிக்கல. கமிட்டியில இருந்து விலகினேன். மாப்பிள்ளை வீடு ஒண்ணு தட்டிப் போச்சு. அது இதனாலதானான்னு எனக்குத் தெரியாது, வீட்டுக்காரி இதனாலதான்னு நினைக்கிறா. சில நாள் ராத்திரி அதைச் சொல்லிக் காட்டவும் செய்வா. கேட்டுக்குவேன்.

இப்ப எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். போதனை இல்ல, என் அனுபவம்.

அழுகை வேற, மனந்திரும்புதல் வேற. அழுகை எனக்காக. என் மனசு லேசாகணும்னு அழுதேன். மனந்திரும்புதல் அடுத்தவங்ககிட்ட இருந்து எடுத்ததைப் பாக்க வைக்குது. யோவான் ஸ்நானன்கிட்ட வந்து என்ன செய்யணும்னு ஜனங்க கேட்டப்போ, உபவாசம் இருங்கன்னு அவர் சொல்லல. ரெண்டு அங்கி வச்சிருக்கிறவன் ஒண்ணைக் கொடு, வரி வாங்குறவன் கூடுதலா வாங்காத, போர்ச்சேவகன் மிரட்டிப் பிடுங்காதன்னார். அவங்கவங்க பிழைப்புல கை வச்சார். விவசாயி ஒருத்தன் அங்க நின்னு கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பார்னு எனக்குச் சந்தேகமே இல்ல.

பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோட முடிஞ்சிருச்சுன்னும் நினைக்க முடியல. யூதாஸும்தான் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டு போனான். குத்தமில்லாத ரத்தத்தைக் காட்டிக் கொடுத்தேன்னு வாய் விட்டும் சொன்னான். ஆனா ஆசாரியர்கள்கிட்ட போனானே தவிர, இயேசுகிட்ட திரும்பி வரல. பேதுரு திருப்பிக் கொடுக்க ஒண்ணும் இல்லாதவன், ஆனா திரும்பி வந்தான். மூணு தடவை தெரியாதுன்னு சொன்னவன்கிட்ட கடற்கரையில மூணு தடவை அதே கேள்வி வந்துச்சு. அதுக்கும் நின்னு பதில் சொன்னான். எனக்கு மதினி வீட்டுத் திண்ணைதான் அந்தக் கடற்கரை. இப்பவும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தத் திண்ணையைத் தாண்டித்தான் போகணும். நிமிந்து பாத்து, "சாப்பிட்டியளா மதினி"ன்னு கேக்கணும். அது எனக்கு இன்னும் லேசாகல.

அண்ணாச்சிகிட்ட சொல்ல முடியாது. அதுக்கு ஈடு கிடையாது. அதை வச்சுக்கிட்டேதான் வாழணும்.

அண்டை ஒரு தடவை வச்சா போதாது, ஒவ்வொரு பூவுக்கும் வைக்கணும்னு முதல்லயே சொன்னேன்ல, இதுவும் அப்படித்தான் இருக்கு. எல்லைக்கல் நட்ட அதே வருஷம், முறைத் தண்ணி பாச்சும்போது அரை மணி நேரம் கூடுதலா மடையை அடைக்காம விட்டேன். ராத்திரி படுத்த பிறகு உறைச்சுது. எழுந்திரிச்சுப் போய் மடையை மாத்திவிட்டு, காலையில கீழ்மடைக்காரர்கிட்ட சொன்னேன். "இதுக்கெல்லாம் வந்து சொல்லுவாகளா?"ன்னு அவர் சிரிச்சார். களை எடுக்க வந்த பொம்பளைகளுக்குக் கூலியை நாளைக்குத் தாரேன்னு இழுக்குற பழக்கம் இருந்துச்சு. இப்ப அன்னன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள கொடுத்துருவேன். வீட்டுக்காரிகிட்ட கத்திட்டு, கோயிலுக்குப் போய் உருகி ஜெபம் பண்றது இன்னும் என்னை விட்டுப் போகல. அதுல நான் தோத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா முன்னால ஒரு வாரம் கழிச்சு உறைச்சது, இப்ப அடுப்படியைத் தாண்டுறதுக்குள்ள உறைக்குது. திரும்பிப் போய்ச் சொல்லிடுறேன்.

இந்தப் பூவுக்கு வரப்பு செதுக்கும்போது மதினியோட மகன் ஊருக்கு வந்திருந்தான். அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ரெண்டு முனைக் கல்லுக்கும் நடுவுல கயிறு கட்டி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல செதுக்கினோம். அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் அப்பாவைப் பத்தி ஒண்ணும் பேசல. பாதி வேலையில, "மாமா, மண்வெட்டியைக் கொஞ்சம் நிமித்திப் பிடிங்க"ன்னான். பாத்தா, என் மண்வெட்டி உள்ள சாஞ்சிருந்துச்சு. 19 வருஷப் பழக்கம், கைக்கு இன்னும் மறக்கல. நிமித்திப் பிடிச்சேன்.

மேக்க இருட்டிக்கிட்டு வருது. நாத்தங்காலுக்குத் தண்ணி வைக்கணும். போயிட்டு வாரேன்.